மரபணுவும் மரபும்: ஹெர்-2 பற்றிய ஒரு விளக்கம்

முன்னுரை

சொல் என்பது பொருளை உணர்த்தும் கருவி. கருவி கூர்மையாக இருப்பின் பொருள் விளங்கும். மழுங்கியிருப்பின் பொருள் மயங்கும். இலக்கியத்தில் ஒரு சொல்லின் பொருள் மயங்கினால் உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு எழும். மருத்துவத்தில் ஒரு சொல்லின் பொருள் மயங்கினால் ஒரு குடும்பம் வீணே அஞ்சும். நோயுற்றவர் நோயை மறைப்பார். மறைத்த நோய் வளரும்.

இன்று மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெறும் பெண்டிர் கையில் ஓர் ஆய்வறிக்கை தரப்படுகிறது. அதில் 'ஹெர்-2' என்றொரு வரி இடம்பெறுகிறது. அது ஒரு மரபணுவின் பெயர். அம்மரபணு உண்டாக்கும் புரதத்திற்கும் அதுவே பெயர். ஆங்கிலத்தில் அமைந்த அந்த அறிக்கையைப் படித்துச் சொல்லுமாறு அக்கம்பக்கத்தார் நாடி வருவது கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளையும், தெருவில் குடியிருக்கும் ஆசிரியர்களையுமே ஆகும். ஆகவே தமிழ்த்துறை மலரில் ஒரு மரபணுவைப் பற்றிய கட்டுரை இடம்பெறுவது பொருத்தமே எனலாம்.

அறிவியலைத் தமிழில் சொல்வதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் மணவை முஸ்தபா அவர்கள். யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பிற்கு நெடுங்காலம் ஆசிரியராக விளங்கிய அவர், மருத்துவம், தொழில்நுட்பம், கணினி முதலிய துறைகளுக்குக் கலைச்சொல் அகராதிகளைத் தொகுத்தளித்து, 2017ஆம் ஆண்டு மறைந்தார். அவர் காட்டிய வழியில் நின்று, ஹெர்-2 என்பது யாது என விளக்குவதும், அதனைச் சூழ்ந்துள்ள இரண்டு சொல் மயக்கங்களைக் களைவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். அவற்றுள் ஒன்று 'மரபணு' என்னும் சொல்லால் நேர்வது. மற்றொன்று 'பாசிட்டிவ்' என்னும் சொல்லால் நேர்வது.

புற்று என்னும் பெயர்

பண்டைக் கிரேக்க மருத்துவர் இந்நோய்க்கு நண்டின் பெயரைச் சூட்டினர். கட்டியைச் சுற்றி விம்மி நிற்கும் நரம்புகள் அவர்கள் கண்ணுக்கு நண்டின் கால்களாகத் தோன்றின. தமிழர் இட்ட பெயர் வேறு. கரையான் சிறுசிறு மண்ணாகச் சேர்த்து எழுப்பும் புற்றினை நோக்கி, 'புற்றுநோய்' என்றனர். நண்டு வெளியிலிருந்து வந்து கவ்வுவது. புற்று உள்ளிருந்து சிறிது சிறிதாக வளர்வது. நோயின் இயல்பைத் தமிழ்ச்சொல்லே நெருங்கி உணர்த்துகிறது. ஏனெனில் புற்றுநோய் வெளியிலிருந்து தொற்றும் பகையன்று. நம் உடலின் உயிரணுக்களே, நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல், மேலும் மேலும் பிரிந்து பெருகுவதே அந்நோய்.

உயிரணு எப்போது பிரிய வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்பதற்கு உடலில் ஒழுங்கு உண்டு. காயம் பட்ட தோல் வளர்ந்து மூடுகிறது. மூடியதும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. 'பிரிக' என்னும் ஆணை உயிரணுவுக்குள் செல்லும் வழியை அறிந்தால்தான் அவ்வாணை தவறுவதையும் அறிய இயலும். ஹெர்-2 நிற்பது அந்த வழியின் வாயிலில்.

மதிலும் கவுனியும்

நான் குடியிருக்கும் யானைக்கவுனியின் பெயரே இதனை விளக்கப் போதுமானது. கவுனி என்பது மதில் வாயில். 1758, 1759ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டுச் சென்ற பின்னர், கோட்டைக்கு வெளியே இருந்த கருப்பர் நகரைச் சூழ ஆங்கிலேயர் மதில் எழுப்பினர். அம்மதிலுக்காக மக்கள்மீது விதிக்கக் கருதிய வரியின் பெயரே இன்றும் வால்டாக்ஸ் சாலையில் வழங்குகிறது. மதிலும் வாயிலும் மறைந்தன, பெயர்கள் நிலைத்தன. மதில் ஊரைக் காக்கும். ஆனால் மதில் மட்டும் இருந்தால் ஊர் வாழாது. வெளியிலிருந்து வரும் செய்தியை ஏற்று உள்ளே அனுப்ப வாயில் வேண்டும். வாயிலில் காவலர் வேண்டும்.

உயிரணுவும் ஒரு மதில் சூழ்ந்த ஊரே. அதனைச் சுற்றிலும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு உண்டு. அச்சவ்வில் ஆங்காங்கே புரதங்கள் பதிந்து நிற்கின்றன. வெளிச் செய்தியை ஏற்கும் புரதத்தை 'ஏற்பி' என்பர். அதன் ஒரு பகுதி சவ்வுக்கு வெளியே நீண்டிருக்கும். ஒரு பகுதி சவ்வை ஊடுருவும். எஞ்சிய பகுதி உள்ளே இருக்கும். வளர்ச்சிக் காரணி எனப்படும் தூதுப்பொருள் வெளிப்பகுதியில் வந்து பொருந்தியதும் இரண்டு ஏற்பிகள் இணை சேரும். உடனே அவற்றின் உட்பகுதிகள் ஒன்றன்மீது ஒன்று பாஸ்பேட் என்னும் வேதிக்குறியை இடும். அக்குறி ஒரு புரதத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறி, இறுதியில் உட்கருவை அடையும். 'பிரிக' என்னும் ஆணை பிறக்கும்.

இவ்வகை ஏற்பிகளுள் உடன்பிறந்தார் நால்வரைக் கொண்ட ஒரு குடும்பம் உண்டு. அவை ஹெர்-1, ஹெர்-2, ஹெர்-3, ஹெர்-4 எனப்படும். இவற்றுள் ஹெர்-2 தனித்தன்மை வாய்ந்தது. அதற்கென்று தனியே ஒரு தூதுப்பொருள் கண்டறியப்படவில்லை. அது எப்போதும் இணை சேர ஆயத்தமான நிலையிலேயே நிற்கிறது. உடன்பிறந்த ஏற்பி எதற்குச் செய்தி வந்தாலும் அதனோடு கைகோத்து, அச்செய்தியை வலுப்படுத்தி உள்ளே அனுப்புகிறது. இயல்பான அளவில் இருக்கும்போது இது நன்மையே. கருவில் இதயம் உருவாவதற்கும் இப்புரதம் இன்றியமையாதது.

மூன்று பெயர் பெற்ற ஒரு மரபணு

இம்மரபணுவுக்கு நூல்களில் மூன்று பெயர்கள் காணப்படுகின்றன. ஒரு பொருளுக்குப் பல பெயர் வழங்குவது நிகண்டு பயின்ற நமக்குப் புதிதன்று. ஒவ்வொரு பெயரும் அது கண்டறியப்பட்ட வழியைச் சொல்கிறது.

அமெரிக்காவில் ராபர்ட் வைன்பெர்க் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில், வேதிப்பொருளால் எலிகளுக்கு உண்டாக்கப்பட்ட நரம்புத்திசுக் கட்டியிலிருந்து ஒரு மரபணு கண்டறியப்பட்டது. நரம்பைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்துகளைக் கொண்டு அதனை 'நியூ' என்றனர். அது உண்டாக்கும் புரதம் வளர்ச்சிக் காரணி ஏற்பியின் இனத்தது என்பது 1984இல் தெரியவந்தது. 1985இல் ஆக்சல் உல்ரிச் முதலானோர் மனித மரபணுத் தொகுதியிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, மனித வளர்ச்சிக் காரணி ஏற்பிகளுள் இரண்டாவது என்னும் பொருளில் 'ஹெர்-2' எனப் பெயரிட்டனர். கோழிகளுக்கு இரத்தப் புற்றினை உண்டாக்கும் வைரசின் மரபணு ஒன்றோடு இதற்கு இருந்த ஒற்றுமையைக் கண்ட ஜப்பானிய ஆய்வாளர் 'எர்ப்-பி-2' என்றனர். மூன்றும் ஒன்றே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. மனிதரின் 17ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் இது அமைந்துள்ளது. இது உண்டாக்கும் புரதம் 1255 அமினோ அமிலங்களின் கோவை.

1987ஆம் ஆண்டு டென்னிஸ் ஸ்லேமன் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 100க்கு 30 கட்டிகளில் ஹெர்-2 மரபணுவின் படிகள் இருமடங்கு முதல் இருபது மடங்குக்கும் மேலாகப் பெருகியிருக்கக் கண்டனர். படிகள் பெருகிய கட்டியை உடையோர்க்கு நோய் விரைவில் மீண்டது; வாழ்நாளும் குறைந்தது. பிற்காலக் கணிப்புகளின்படி மார்பகப் புற்றுநோயுள் 100க்கு 15 முதல் 20 வரை இவ்வகையைச் சேர்ந்தவை. இரைப்பைப் புற்றுநோயில் ஒரு பகுதியிலும் இந்நிலை காணப்படுகிறது.

எழுத்துப் பிழையன்று, மாத்திரை மிகுதி

மரபணுவை எழுத்துக்கு ஒப்பிடுவது வழக்கம். தமிழுக்கு முதலெழுத்து 30. மரபணுவின் மொழிக்கு எழுத்து நான்கே. அந்நான்கும் வரிசை மாறி மாறி வந்து ஆயிரக்கணக்கான புரதங்களுக்கான கட்டளைகளை எழுதுகின்றன. எழுத்து ஒன்று மாறினால் பொருள் மாறும். புற்றுநோய் பல இத்தகைய எழுத்துப் பிழையால் விளைகின்றன.

மார்பகப் புற்றில் ஹெர்-2 செய்யும் தீங்கு பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்ததன்று. அங்கு எழுத்து சரியாகவே இருக்கிறது. அளவுதான் மிகுகிறது. இதனை விளக்க நம் இலக்கணத்தில் பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குற்றெழுத்துக்கு மாத்திரை ஒன்று; நெட்டெழுத்துக்கு இரண்டு. அதற்கு மேலும் ஓசை நீள வேண்டுமாயின், நெட்டெழுத்தின் அருகே அதன் இனமான குற்றெழுத்தைச் சேர்த்து எழுதுகிறோம். அதுவே அளபெடை. வேற்றெழுத்து எதுவும் புகவில்லை. தன்னினமே மேலும் வந்து நிற்கிறது. தொலைவில் இருப்போரை விளிக்கும்போதும், தெருவில் பண்டம் கூவி விற்கும்போதும் எழுத்து தன் மாத்திரையைக் கடந்து நீளும் என்பர் இலக்கணிகள்.

ஹெர்-2 மிகைப்பெருக்கமும் இத்தகையதே. இயல்பான உயிரணுவில் இம்மரபணுவுக்குத் தந்தை வழி ஒன்று, தாய் வழி ஒன்று என இரண்டு படிகள் உள்ளன. புற்றாக மாறிய உயிரணுவில் அதே படி பத்தாகவும் அதற்கு மேலாகவும் பெருகுகிறது. படிகள் பெருகவே, புரதமும் பெருகுகிறது. இயல்பான உயிரணுவின் மேற்பரப்பில் சில பத்தாயிரம் என்னும் அளவில் இருக்க வேண்டிய ஏற்பிகள் 20 இலட்சம் வரை நெருங்கி நிற்கின்றன. ஆயத்த நிலையில் நிற்கும் அவை, தூது எதுவும் வராமலே தமக்குள் இணை சேர்கின்றன. யானை வராமலே கவுனி திறந்துவிடுகிறது. 'பிரிக, பிரிக' என்னும் ஆணை ஓயாமல் உள்ளே செல்கிறது.

ஓர் வேறுபாட்டையும் இங்குச் சொல்ல வேண்டும். செய்யுளில் ஓசை குறையும் இடத்தை நிறைப்பதற்காகவே அளபெடை வருகிறது. உயிரணுவில் நேரும் மிகுதியோ தேவையின்றி வருவது.

மரபணு எனினும் மரபுநோயன்று

இனி முதற்சொல் மயக்கத்திற்கு வருவோம். 'மரபணு' என்னும் சொல்லில் 'மரபு' இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனைப் 'பரம்பரையலகு' என வழங்கும். இரண்டும் நல்ல சொற்களே. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் பண்புகளைச் சுமப்பது மரபணுவாதலின் அப்பெயர் தகும். ஆயினும் மரபணுவில் நேரும் மாற்றம் ஒவ்வொன்றும் மரபுவழி வந்தது என்றோ, மரபுவழிச் செல்லும் என்றோ கொள்வது பிழை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியைச் சேர்ந்த ஒரு தாய்க்கு மார்பகக் கட்டி கண்டறியப்பட்டது. அறிக்கையைப் பார்த்து, 'இது மரபணுவில் வந்த கோளாறு' என்று உறவினர் ஒருவர் தமக்குத் தெரிந்த அளவில் சொன்னார். அச்செய்தி வீட்டு வாசலைத் தாண்டிற்று. அவ்வேளையில் அத்தாயின் மகளுக்கு மணப்பேச்சு நடந்துகொண்டிருந்தது. 'தாய்க்கு மரபணுவில் கோளாறு என்றால் மகளுக்கும் இருக்குமே' என்று மறுபக்கத்தார் கருதினர். பேச்சு நின்றது. அத்தாய் அறுவைக்குப் பின் ஓராண்டு மருந்து பெற்று நலமடைந்தார். நின்ற மணப்பேச்சோ மீண்டும் தொடரவில்லை. கட்டி வந்ததைவிட, தம்மால் மகளின் வாழ்வு தடைப்பட்டது என்னும் எண்ணமே அவரை வருத்திற்று. அவ்வருத்தத்திற்கு அறிவியலில் அடிப்படை இல்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல நெடுநாள் வேண்டியிருந்தது.

உண்மை இதுதான். ஹெர்-2 மரபணு ஆண், பெண் அனைவரிடத்தும் உண்டு, அது மரபு. அதன் படிகள் அளவின்றிப் பெருகுவது கட்டியாக மாறிய உயிரணுக்களில், அவரவர் வாழ்நாளில் நேர்வது, அது மரபன்று. அத்தாயின் இரத்தத்திலோ, தோலிலோ, அவர் பெற்ற பிள்ளைகளிடத்தோ அந்தப் பெருக்கம் இல்லை. அது தாயிடமிருந்து அவருக்கு வந்ததும் அன்று. அவரிடமிருந்து மகளுக்குச் செல்வதும் அன்று.

மரபுவழி வரும் மார்பகப் புற்றுநோயும் உண்டு என்பதை மறைத்தலாகாது. பிராக்கா-1, பிராக்கா-2 எனப்படும் வேறு இரு மரபணுக்களில் பிறவியிலேயே பிழை இருக்குமாயின் அது தலைமுறைக்குச் செல்லக்கூடும். மார்பகப் புற்றுநோயுள் 100க்கு ஐந்து முதல் பத்து வரையே மரபுவழிப் பிழையால் வருவன என்பர். ஒரு குடும்பத்தில் பலருக்கு, அதிலும் இளம் வயதில், இந்நோய் வந்திருந்தால் மருத்துவரை அணுகி அதற்கென உள்ள சோதனையைக் கேட்பதே முறை. அச்சோதனை வேறு, ஹெர்-2 சோதனை வேறு. ஹெர்-2 அறிக்கையைக் கொண்டு ஒரு பெண்ணின் குலத்தை அளப்பது அறியாமையாகும்.

'பாசிட்டிவ்' என்னும் சொல்

இரண்டாம் சொல் மயக்கம் 'பாசிட்டிவ்' என்பதில் உள்ளது. பேச்சு வழக்கில் இச்சொல்லுக்கு நல்லது, நம்பிக்கையானது என்னும் பொருள் உண்டு. அறிக்கையில் அச்சொல்லைக் கண்டு, நோய் இல்லை போலும் என மகிழ்வோர் உண்டு. இதற்கு மாறாக, 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்னும் தொடரைக் கேட்டுப் பழகிய செவிக்கு 'ஹெர்-2 பாசிட்டிவ்' என்பது தொற்றுநோயாக ஒலிக்கிறது. நோயுற்றவரின் தட்டையும் குவளையையும் ஒதுக்கிவைக்கும் நிலையும் இதனால் நேர்கிறது. இரண்டும் தவறே. இங்கு 'பாசிட்டிவ்' என்பதற்கு 'ஹெர்-2 மிகுதி உண்டு' என்பதே பொருள். புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதன்று. 'ஹெர்-2 மிகுதி உண்டு', 'ஹெர்-2 மிகுதி இல்லை' எனத் தமிழில் சொல்லிவிட்டால் மயக்கம் பெரிதும் தீரும்.

அறிக்கையில் காணப்படும் எண்களின் பொருளையும் அறிந்துகொள்வோம். கட்டியிலிருந்து எடுத்த திசுவை மெல்லிய சீவலாக்கி, ஹெர்-2 புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளை அதன்மேல் இட்டுச் சாயமேற்றுவர். புரதம் உள்ள இடம் பழுப்பாகத் தோன்றும். உயிரணுக்களின் விளிம்பைச் சுற்றிச் சாயம் எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பதை நோக்கி 0, 1+, 2+, 3+ என மதிப்பிடுவர். 0, 1+ என்பன மிகுதி இல்லை என்பதைக் குறிக்கும். 3+ என்பது மிகுதி உண்டு என்பதைக் குறிக்கும். 2+ என்பது ஐயநிலை. ஐயநிலை வந்தால் 'ஃபிஷ்' என்னும் மறுசோதனை செய்ய வேண்டும். அதில் மரபணுவின் படிகளே ஒளிரும் புள்ளிகளாகத் தெரிவதால் அவற்றை எண்ணிப் பார்க்கலாம். 2+ என்னும் முடிவோடு நின்றுவிடலாகாது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். மறுசோதனையைத் தவிர்த்தால் தக்க மருந்து கிடைக்க வேண்டியவர்க்குக் கிடைக்காமல் போகலாம்.

திசுவைக் காத்தலும் சோதனையின் ஒரு பகுதியே. எடுத்த திசுவைக் காலந்தாழ்த்தாமல், ஒரு மணி நேரத்திற்குள், தக்க அளவு ஃபார்மலின் கரைசலில் இட வேண்டும் என்பது விதி. திசுக்கட்டைகளையும் கண்ணாடிச் சீவல்களையும் ஆய்வுக்கூடம் பாதுகாத்து வைக்கும். வேறு மருத்துவமனைக்குச் செல்வோர் அவற்றைக் கேட்டுப் பெற்றுச் செல்லலாம்.

மருந்து பிறந்த வரலாறு

'மிகுதி உண்டு' என்னும் முடிவு முன்னர் அச்சம் தருவதாக இருந்தது. இன்று அதுவே மருந்துக்கு வழிகாட்டுகிறது. இப்புரதம் உயிரணுவின் உள்ளே மறைந்திராமல் வெளிமதிலில் நிற்பதே அதற்குக் காரணம். வெளியில் நிற்பதைக் காண இயலும். காண இயல்வதைப் பற்றவும் இயலும்.

ஹெர்-2 புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருள் முதலில் சுண்டெலியின் உயிரணுக்களிலிருந்து உருவாக்கப்பட்டது. எலியின் புரதத்தை மனித உடல் அயலதாகக் கருதி எதிர்க்கும். ஆதலின், பற்றும் முனையை மட்டும் நிறுத்திக்கொண்டு, ஏனைய பகுதியை மனிதப் புரதமாக மாற்றி அமைத்தனர். வேற்றுமொழிச் சொல் தமிழ் ஒலியேற்று நம் மொழிக்குள் வருவது போன்றது இது. 1992இல் வெளியான இம்முயற்சியின் பயனே டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து. அது ஹெர்-2 புரதத்தின் வெளிப்பகுதியைப் பற்றிக்கொண்டு வளர்ச்சி ஆணையைத் தடுக்கிறது. அவ்வுயிரணுவை நம் உடலின் காவற்படைக்கும் அடையாளம் காட்டுகிறது.

1998 செப்டம்பரில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை இதற்கு ஒப்புதல் அளித்தது. நோய் பரவிய நிலையில் இருந்த 469 பெண்டிரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2001இல் வெளியாயிற்று. வேதி மருந்து மட்டும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 20 மாத அளவாகவும், இம்மருந்தையும் சேர்த்துப் பெற்றோர்க்கு 25 மாத அளவாகவும் இருந்தது. தொடக்க நிலையிலேயே, அறுவைக்குப் பின் இதனைத் தந்தால் நோய் மீள்வது ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது 2005இல் வெளியான ஆய்வுகளால் உறுதிப்பட்டது. பரவிய நிலையில் சில மாதங்கள். தொடக்க நிலையிலோ முழு நலம் பெறும் வாய்ப்பு. மருந்து ஒன்றே, காலம் வேறு. முன்னரே மருத்துவரிடம் காட்டுவதன் பயனை இதைவிடத் தெளிவாக உரைக்க இயலாது.

இம்மருந்துக்கும் குறை உண்டு. இதயத்திற்கும் ஹெர்-2 வேண்டப்படுவதால், சிலர்க்கு இதயத்தின் இயக்கம் தளரலாம். ஆதலின் மருந்து பெறும் காலத்தில் இதயத்தை எக்கோ முதலிய சோதனைகளால் அவ்வப்போது ஆராய்வர். அச்சோதனையைத் தவிர்க்கலாகாது. மூன்று வாரத்திற்கு ஒருமுறை, ஓராண்டு வரை இதனைத் தருவது வழக்கம். நடுவில் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லியே நிகழ வேண்டும்.

விலையும் ஒரு பெருந்தடையாக இருந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் இம்மருந்தை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்னரே, 2014இல், பெங்களூரின் பயோகான் நிறுவனம் இதற்கு ஒப்பான மருந்தினை இந்தியாவில் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் தயாரிப்பு 2017 டிசம்பரில் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. இன்று இந்திய நிறுவனங்கள் பல இதனைத் தயாரிக்கின்றன. விலையும் முன்னிலும் குறைந்துள்ளது. காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் உதவி கிடைக்குமா என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் தொடக்கத்திலேயே கேட்டறிதல் நலம்.

ஆய்வு இன்னும் வளர்கிறது. வேதி மருந்தைச் சுமந்து சென்று ஹெர்-2 நிற்கும் உயிரணுவுக்குள்ளேயே இறக்கும் எதிர்ப்பொருள்கள் வந்துள்ளன. அவற்றுள் ஒன்று, நோய் பரவிய நிலையில், 1+ போன்ற குறைந்த அளவினர்க்கும் பயன்படும் என 2022இல் நிறுவப்பட்டது. ஆகவே அறிக்கையின் எண்ணைத் துல்லியமாக அறிந்து வைத்திருப்பது முன்னிலும் தேவையாகிறது.

சென்னையின் பங்கு

அறிவு பிறந்தது எங்கோ எனினும், அதன் பயனை ஏழை எளியோர்க்குச் சேர்க்கும் தொண்டில் நம் சென்னைக்குத் தனியிடம் உண்டு. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் தங்கை 1923இல் புற்றுநோயால் மறைந்தார். அத்துயரமே ஒரு மருத்துவமனைக்கு வித்தாயிற்று. இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் அவர் அரும்பாடுபட்டு நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954ஆம் ஆண்டு 12 படுக்கைகளுடன் தொடங்கிற்று. அவர் மகனார் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி அவர்களும், 1955இல் அங்குப் பணியேற்ற மருத்துவர் சாந்தா அவர்களும் அதனை வளர்த்தனர். சாந்தா அவர்கள் 2021 ஜனவரியில் மறையும் வரை அம்மருத்துவமனையையே தம் இல்லமாகக் கொண்டிருந்தார்.

அம்மருத்துவமனையில் அமைந்துள்ள சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கம் முதல் கணக்கெடுத்து வருகிறது. தொடக்க ஆண்டுகளில் சென்னைப் பெண்டிரிடையே கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடம் பெற்றிருந்தது. அது படிப்படியாகக் குறைய, மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஆகவே ஹெர்-2 என்பது எங்கோ ஒரு நாட்டில் எவருக்கோ உரிய செய்தியன்று. நம் தெருவுக்கு உரிய செய்தி.

யானைக்கவுனி, சவுக்கார்பேட்டை, மண்ணடி, இராயபுரம் பகுதியினர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதும் இல்லை. அரசு பொது மருத்துவமனை அருகிலேயே உள்ளது. அங்கே கதிரியல் மருத்துவத்திற்கென பர்னார்டு நிறுவனம் 1934 முதல் இயங்கி வருகிறது. வடசென்னைக்கு ஸ்டான்லி மருத்துவமனை உண்டு. மருத்துவமனை அருகில் இருந்தும் மக்கள் செல்லாமைக்குக் காரணம் தொலைவன்று. நாணமும் அச்சமும் சொல் மயக்கமுமே.

நாம் செய்யத்தக்கவை

மார்பகக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லையே என்று விட்டுவிடுவதே பலர் செய்யும் தவறு. புதிதாகத் தோன்றிய கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். கட்டிகளுள் பல புற்றாக இருப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அச்சம் குறைந்தால்தான் கால் நகரும்.

மாணவ மாணவியர் வீட்டிலும் தெருவிலும் அறிக்கையைப் படித்துச் சொல்ல நேர்ந்தால், தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாததை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுதல் வேண்டும். 'ஹெர்-2 பார்த்தாயிற்றா? எண் என்ன? 2+ எனில் மறுசோதனை ஆயிற்றா?' என்னும் மூன்று வினாக்களை எவரும் கேட்கலாம்.

சமுதாயப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மஹல்லாவில் பெண்டிர்க்கான மருத்துவ முகாம் நடத்தும்போது பெண் மருத்துவரை அழைத்து, தனியிடம் அமைத்துத் தந்தால், சொல்லத் தயங்குவோரும் சொல்வர். மணப்பேச்சில் தாயின் நோய் பேசப்படுமாயின், ஹெர்-2 மிகுதி மகளுக்குச் செல்வதன்று என்னும் உண்மையை எடுத்துரைப்பதும் பெரியவர்களால் இயலும். அவர்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

முடிவுரை

ஹெர்-2 என்பது உயிரணுவின் மதிலில் நிற்கும் ஓர் ஏற்பி. அளவில் நிற்கும்வரை அது நமக்கு வேண்டிய புரதமே. அளவு கடந்தால் நோய்க்குத் துணையாகிறது. அம்மிகுதி கட்டியில் மட்டும் நேர்வது, குடும்பத்தில் வருவதன்று, பிறர்க்கு ஒட்டுவதன்று. அதனைச் சோதித்து அறியலாம். அறிந்தால் தக்க மருந்து தரலாம். முன்னரே அறிந்தால் பயன் மிகும். இவற்றைத் தமிழில், எளிய சொல்லில், கேட்போர் மயங்காவண்ணம் எடுத்துச் சொல்வது தமிழ் கற்றோரின் கடமையாகும்.